நான் சீல் வைத்த பெட்டி

2 ஜூன் 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். விழுப்புரத்தில் என் இ-சேவைக் கடை வாசலில் காலை எட்டரைக்கே இருபது பேர். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. எல்லாருக்கும் இன்றைக்கே வேண்டுமாம். ரெண்டு மாசம் லீவு விட்டார்களே, அப்போதெல்லாம் எங்கே போயிருந்தார்களோ. சரியாகப் பத்து மணிக்கு ஜன்னலோரக் கம்ப்யூட்டர் பெட்டி நின்றது. கறுப்புத் திரை. சுவரோரப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை மாரடித்தேன்.

திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். தீனதயாளன் அண்ணன் நாலு மணிக்கு வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா புருஷன், திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கழட்டினார், எதையோ தேய்த்தார், ஊதினார், மாட்டினார். இருபது நிமிஷத்தில் ஓடிவிட்டது. போன ஆயுத பூஜையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"என்னாண்ணா கோளாறு?" என்றேன்.

"சொன்னா நீ கோச்சிக்குவ தங்கச்சி. ஓடுதுல்ல, வுடு" என்றார்.

காசு வாங்க மாட்டார். சொந்தமாம். காசு வாங்காத ஆளிடம் எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பது? வெளியாள் என்றால் உட்காரவைத்துக் கேட்டிருப்பேன். இதுதான் பெரிய பேஜாரு.

5 ஜூன், வியாழன்

ஓடுகிறது என்று பெயர். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

10 ஜூன், செவ்வாய்

வயிறு எரிகிறது. எழுதினால்தான் அடங்கும்.

பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போட ஒரு பெண் வந்தாள், இன்ஜினியரிங் படித்தவள். ஜன்னலோரப் பெட்டியில் போட்டோ ஏற மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவளே மவுஸை வாங்கி எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல நாலு ஜிபி ரேம்தான் காட்டுது. அதான் இழுக்குது" என்றாள்.

நாலா? நான் வாங்கியது எட்டு. பில்லைத் தேடி எடுத்தேன். நாலு ஜிபி ரேம், ரெண்டு துண்டு என்று தெளிவாக இருக்கிறது. அப்போ இன்னொரு துண்டு எங்கே? இந்தப் பெட்டியைத் திறந்த கை ஒரே கைதான். மூணு தடவையும் அதே கை. சார்ஜ் வேணாம் தங்கச்சி, சார்ஜ் வேணாம் தங்கச்சி — ஏன் வேணாம்னு இப்பத்தானே புரியுது!

11 ஜூன், புதன்

இவரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "மாமா எதுக்கு எடுக்கப்போறாரு? அவரு கடையில இல்லாத ரேமா?" என்றார். எனக்கு நாத்தனார் என்றால் இவருக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா. அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. சொன்னால் காது மூடிக்கொள்ளும்.

கலைப்பிரியா கல்யாணம் வேறு நிச்சயமாகி இருக்கிறது. அந்த நாத்தனார், கிருஷ்ணவேணி அண்ணியின் ஒரே மகள். ஆவணியில் முகூர்த்தம். இவர் தாய்மாமன், சீர் தட்டு இத்தனை, பட்டு இந்த நிறம் என்று மூணு மாசமாக அதே பேச்சு. "இப்ப எதையாவது பேசி வைக்காத பரிமளா" என்றார். பேசமாட்டேன் என்றேன்.

15 ஜூன், ஞாயிறு

பேசிவிட்டேன்.

பனமலையில் அண்ணனின் பங்காளி வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. மலைக்குக் கீழே பந்தல் போட்டுச் சாப்பாடு. அண்ணன் எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் அவரிடம் லேப்டாப் வாங்க யோசனை கேட்டார். அண்ணனும் "நாணயமான கடையா பாத்து வாங்குங்க" என்றார். நாணயம்! எனக்கு வந்துச்சே ஒரு கோவம்.

"ஏண்ணா, என் பெட்டியில இருந்து எடுத்த ரேம எந்தப் பெட்டியில போட்டீங்க?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தேன். பந்தல் முழுக்கக் கேட்டிருக்கிறது.

ஐம்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

அண்ணிதான் வந்தார். "எம் புருஷன சோத்துல வச்சு திருடன்னு சொல்லிட்ட இல்ல? எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒங்க சீர் தட்டு வேணாம்டி. வாசப்படி ஏறாதீங்க" என்றார். இவர் அங்கேயே நின்றார். அக்கா பக்கமும் போகவில்லை, என் பக்கமும் வரவில்லை.

பஸ்ஸில் எங்கள் ஊர் காணை வரும் வரைக்கும் இவர் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

16 ஜூன், திங்கள்

மன்னிப்பா? நானா? எதுக்கு?

24 ஜூன், செவ்வாய்

ஜன்னலோரப் பெட்டி மறுபடி நின்றுவிட்டது. இனி கூப்பிட ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, "எடுத்துக்கினு போயி பாக்கறேன்" என்றார். ஒன்று போனது போதாதா? தொட விடவில்லை.

இது இனிமேல் சாட்சி. மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் நாலு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திவிட்டேன், ஓட்டுப்பெட்டி மாதிரி. இதை நானே கற்றுக்கொண்டு, நானே திறந்து, உள்ளே ஒரு துண்டுதான் இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் காட்டுவேன். அப்போ பேசட்டும் அண்ணி.

திண்டிவனத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறதாம், மூன்று மாசம். விழுப்புரத்தில் படித்தால் என் கஸ்டமர்களே பக்கத்து பெஞ்சில் உட்காருவார்கள். அதுவும் போக, அவர் ஊரிலேயே படித்து அவரைப் பிடித்தால்தான் எனக்கு ஆறும்.

29 ஜூன், ஞாயிறு

நுழைந்ததும் சார் கேட்டார்: "அக்கா, டேலி கிளாஸ் மாடியில." கணக்குப் படிக்க இல்லை, ஹார்டுவேருக்குத்தான் வந்திருக்கேன் என்றேன். சவுரிராயன் என்று பெயர். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர்.

'சிபியூ' என்றதற்கு ஒரு திட்டு. அது கேபினட்டாம், சிபியூ உள்ளே இருக்கும் சின்ன வில்லையாம். ஊரே அதைத்தானே சிபியூ என்கிறது! ரெண்டு மணி நேரம் ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டுவது மட்டும்தான் பாடம். என்னிடம் ஒரு ஸ்க்ரூ மிச்சம். "எந்த எடத்துதுன்னு தெரியற வரைக்கும் பஸ் ஏறக் கூடாது" என்றார். நாற்பத்தோரு வயசில் இதெல்லாம் எனக்குத் தேவையா? தேவைதான். உட்கார்ந்து கண்டுபிடித்து மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

6 ஜூலை, ஞாயிறு

ரேமைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இவ்வளவுதானா? ஒரு சின்னச் சீப்பு அளவு. பாக்கெட்டில் போட்டால் யாருக்கும் தெரியாது. சரிதான்.

அடிப்பக்கத்துத் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசு தட்டி, ரெண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அழுத்த எனக்குப் பயமாக இருந்தது. "ஒடையாதுக்கா, அமுக்குங்க. கோவத்துல கதவ சாத்தற மாதிரி" என்றார் சார். டக்.

அது எனக்கு நன்றாகவே வருகிறது.

13 ஜூலை, ஞாயிறு

சாருடன் சண்டை. செத்துப்போன பெட்டி ஒன்றைக் கொடுத்துக் கோளாறுச் சீட்டு எழுதச் சொன்னார். 'பவர் சப்ளை போய்விட்டது' என்று எழுதினேன். சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"போச்சுன்னு பாத்தீங்களா?"

"ஃபேன் சுத்தல சார், பின்ன என்ன அர்த்தம்?"

"அப்ப 'ஃபேன் சுத்தல'ன்னு எழுதுங்க. பாத்தத எழுதுங்க, நெனச்சத எழுதாதீங்க."

பார்த்தால் பிளக் பக்கத்து ஒயர் லூஸ். பவர் சப்ளை நன்றாகவே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாளைக்கு நூறு விண்ணப்பம் நிரப்புகிற கை இது. எனக்கு எழுதச் சொல்லித்தருகிறாராம்.

பஸ்ஸுக்கு அண்ணன் கடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டார் போல. இளைக்கட்டும்.

27 ஜூலை, ஞாயிறு

இன்று என் கையால் ஒரு பெட்டி உயிர் பெற்றது! மளிகைக்கடைப் பெட்டி, உள்ளே கரப்பான்பூச்சிக் குடும்பம். சுத்தம் செய்து, ரேமைத் தேய்த்து, மாட்டி, பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு பீப், திரை வந்துவிட்டது. கத்திவிட்டேன். சார்கூடக் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். நாற்பது நாளாக இந்த வீட்டில் எனக்குக் கிடைப்பது இந்த 'ம்' ஒன்றுதான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சும்மாதான் கேட்டேன். "சார், எட்டு ஜிபி போட்ட பெட்டியில நாலு காட்டுனா ஒண்ண எவனோ எடுத்துட்டான்னுதானே அர்த்தம்?"

"யார் சொன்னா? துண்டு உள்ளயே இருக்கும்க்கா. அத செருகற ஸ்லாட்டுல அழுக்கோ ஈரமோ பூந்திருந்தா மெஷினுக்குத் தெரியாது. கண்ணால பாக்கற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அப்புறம் அவர் நடத்திய எதுவும் என் காதில் ஏறவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

அப்படியெல்லாம் இருக்காது. இருந்தால் அன்றைக்கே பந்தலில் சொல்லியிருப்பாரே.

13 ஆகஸ்ட், புதன்

சீல் அப்படியே இருக்கிறது. திறக்கவில்லை. கூட்டம்.

14 ஆகஸ்ட், வியாழன்

கூட்டமெல்லாம் இல்லை. பயம்.

15 ஆகஸ்ட், வெள்ளி

லீவு நாள். கலெக்டர் ஆபீஸில் கொடி ஏற்றும் சத்தம் கேட்டது. பாதி ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சீலைக் கிழித்தேன்.

ரெண்டு துண்டு இருக்கிறது.

ரெண்டும் அதன் அதன் இடத்தில் நிற்கிறது. ரெண்டாவது ஸ்லாட்டின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். அட பாவி. நான் வைத்த சந்தனம்!

போன ஆயுத பூஜை. ஐப்பசி நெருங்கியும் வெயில் தாங்கவில்லை, பெட்டி சூடாகிறது என்று பக்கவாட்டு மூடியைக் கழட்டி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தேன். பிரிண்டர், லேமினேஷன் மெஷின், ஸ்டேப்ளர் என்று எல்லாத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, வேலை செய்வது உள்ளே இருப்பதுதானே என்று உள்ளேயும் விரலை விட்டு வைத்தேன். நீட்டமாக நிமிர்ந்து நின்ற ரெண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. குழைத்த சந்தனம், மேலே குங்குமம். பன்னீர்கூடத் தெளித்தேன். வழிந்து இறங்கியிருக்கிறது.

துண்டைப் பிடுங்கினேன். ஓரத்தில் பென்சில் ரப்பர் தூள். மூணு தடவையும் அவர் தேய்த்தது இதைத்தான்.

பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுரண்டி, பற்களைத் தேய்த்து, டக் என்று மாட்டினேன். ஒரு பீப். திரை வந்தது. எண்ணைப் பார்த்தேன். எட்டு. முழுசாக எட்டு. நான் இதுவரை சரிசெய்ததிலேயே பெரிய வேலை இதுதான். பெட்டியை அப்படியே தூக்கி ரோட்டில் போட வேண்டும் போல இருந்தது.

மாலை

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லே அவரு? 'நீ வச்ச சந்தனம்தான் தங்கச்சி'ன்னு அங்கயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே? ஏன் சொல்லல? ஊமையா? இது அவர் தப்பும்தானே?

இதை எழுதும்போதே போன வருஷத்து நோட்டு ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தேன். 12 நவம்பர் 2024. என் கையெழுத்து. அப்படியே கீழே எழுதுகிறேன், எனக்கு இது வேண்டும்:

'தீனா அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்தார். உள்ளே சந்தனம் வைக்காதே, ஈரம் ஆகாது என்று பத்துப் பேர் எதிரில் சொல்கிறார். சாமி காரியத்தில் சொல்ல இவர் யார்? இப்படிப் பேசுவதாயிருந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.'

சொல்லியிருக்கிறார். நான் குதித்த குதியில்தான் அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

20 ஆகஸ்ட், புதன்

ஆடி முடிந்து அண்ணி வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். காணைக்குக் காரில் வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடு. எட்டு வீட்டுக்கு வைத்தார்கள். நடுவில் இருக்கும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்களாம். இவர் உள்ளே ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

சந்தன விஷயத்தை இன்றைக்குத்தான் இவரிடம் சொன்னேன், அஞ்சு நாள் கழித்து. திட்டுவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று இருந்தேன். திட்டவில்லை. "கலைக்கு எடுத்த பட்டு பீரோவுல இருக்கு. பூச்சி அரிக்காம பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். இதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. பெட்டியைப் பழைய துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திண்டிவனம் போனேன். நேராக அண்ணன் கடை. நாலைந்து கஸ்டமர்கள் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவர்கள் எதிரிலேயே சொன்னேன்: "அண்ணா, ரெண்டு துண்டும் உள்ளதான் இருந்துது. நான் வச்ச சந்தனம். நீங்க எடுக்கல. தப்பு என்னுது."

அவர் கையில் இருந்த வேலையை முடித்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்ற."

"நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ணா."

"எப்பிடிச் சொல்றது? சாமிக்கு வச்ச பொட்டாலதான் கெட்டுச்சின்னு அத்தன பேரு எதிர்ல சொன்னா ஒன்ன என்னா பேசுவாங்க? உன் புருஷன என்னா பேசுவாங்க?" குரல் ஏறியது. "நீ இங்க வந்து சொல்ற. இவங்க என் கஸ்டமருங்க, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அங்க ஒக்காந்து இருந்தது என் பங்காளிங்க. இன்னிக்கும் எவனாவது லேப்டாப்ப குடுத்துட்டு, 'மாமா, உள்ள இருக்கறது எல்லாம் இருக்கும் இல்ல'ன்னு சிரிக்கிறான்."

"நான் என்ன பண்ணணும்ண்ணா?"

"எனக்குத் தெரியல. கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

அத்தனை பங்காளியும் ஒன்றாகச் சேரும் இடம் கல்யாணம் ஒன்றுதான். அதற்குத்தான் எங்களுக்குப் பத்திரிகை இல்லையே! அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விக்கிரவாண்டி வரை வந்தேன். அதற்கப்புறம் முடியவில்லை.

1 செப்டம்பர், திங்கள்

போகிறோம். பத்திரிகை இல்லாமல் போகிறோம். விரட்டினால் விரட்டட்டும். இவர் "உனக்கு எதுக்கு, நான் மட்டும் போயி நிக்கறேன்" என்றார். பேசியது நான், நிற்க வேண்டியதும் நான்தான் என்றேன்.

4 செப்டம்பர், வியாழன்

கல்யாணம் முடிந்து மத்தியானமே வந்துவிட்டோம். வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு மண்டப வாசலில் இறங்கினோம். இருபத்தோரு தட்டு, மேளம் இல்லை. வரவேற்பு மேஜையில் அண்ணி. முன்னால் பன்னீர்ச் செம்பு, கற்கண்டு, சந்தனக் கிண்ணம். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் கல்லாகிவிட்டது. சந்தனத்தை நீட்டவில்லை. பின்னால் பங்காளிகள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். பனமலையில் பார்த்த அதே முகங்கள்.

தட்டைக் கீழே வைத்தேன். நேற்றெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. கிண்ணத்தைக் காட்டினேன்.

"இதத்தான் நான் பெட்டிக்குள்ள வச்சேன். அதுல கெட்டுது. அண்ணன் எதையும் எடுக்கல, மூணு வாட்டி ஓசியில சுத்தம் பண்ணிக் குடுத்தாரு. வைக்காதன்னும் சொன்னாரு, நான்தான் வாய மூடுன்னேன். பொருள் உள்ளயே இருந்துது. தெறந்து பாக்காமயே பேசிட்டேன்."

யாரோ ஒருத்தர் "சந்தனமா?" என்று சிரித்தார். இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காது சுட்டது, நின்றேன்.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. தன் தம்பி கையில் இருந்த பட்டுத் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வாங்கிவிட்டார், அது போதும் என்று இவர் கண்ணைத் துடைத்தார். மற்ற தட்டுகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தேன். அண்ணன் பந்தி வாசலில் வந்து நின்றார். "ஒக்காந்து சாப்புடு. நான் பாதியில எழுந்த மாதிரி நீ எழுந்துக்கக் கூடாது" என்றார். சொன்ன விதத்தில் கோபம் போனதாகத் தெரியவில்லை. எதிரிலேயே நின்றுகொண்டார். இலையில் வைத்த அத்தனையும் தின்றேன். எதுவும் ருசிக்கவில்லை.



21 செப்டம்பர், ஞாயிறு

கடைசி வகுப்பு. பரீட்சையில் கோளாறுச் சீட்டில் பார்த்ததை மட்டும் எழுதினேன். சார் அடிக்கவில்லை. கடைக்கு வெளியே 'கம்ப்யூட்டர் பழுது பார்க்கப்படும்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இதுவரை ரெண்டு பேர். ரெண்டு பேருமே, "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு சரிசெய்து கொடுத்தேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. எல்லா மூடியையும் பூட்டி, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுத்தான் சந்தனத்தைக் குழைத்தேன். வெளியே மட்டும், அதுவும் துளியூண்டு.

பதினொரு மணிக்குப் போன். அண்ணி. ஜூனிலிருந்து வராத நம்பர். இவருக்குப் போட வேண்டியதை எனக்குப் போட்டுவிட்டாரோ என்று எடுத்தேன்.

"பரிமளா, எங்க இருக்க?" ரகசியமான குரல்.

"கடையில அண்ணி."

"கடையில பூஜ போடச் சொல்லிட்டு அவரு வெளிய போயிருக்காரு. எவனோ ஒருத்தன் மெஷின கழட்டிப் போட்டு வச்சிருக்காரு. நான் தெரியாம எல்லாத்துக்கும் வச்சிக்கினே வந்தேன், அது உள்ளயும் வச்சிட்டேன்டி. நாலு எடத்துல. அவரு வந்தா கத்துவாரு. ரெண்டு மணிக்குள்ள வந்து எடுத்துக் குடேன்."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை ரகளைக்கு அப்புறமுமா? "துடைக்காதீங்க அண்ணி, கைய எடுங்க. தண்ணி படக் கூடாது. கரண்ட் கனெக்‌ஷன புடுங்குங்க. அறிவு இருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் யாரிடம் கத்துகிறேன் என்று உறைத்தது.

"கத்துனது போதும். ஜல்தி வா" என்றார் அண்ணி. "இங்கயே சாப்புட்டுக்கலாம்."

பிரஷ், பென்சில் ரப்பர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாத்தையும் பையில் போட்டாயிற்று. பஸ்ஸுக்கு நின்றபடிதான் இதை எழுதுகிறேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டேதான் போவேன்.